பொஸ்ஸோடு ஒத்துப்போவது எப்படி: கொழும்புக் கந்தோர்க்காரரின் கேள்விகள்

கேள்வி (கோட்டை, கணக்குப் பிரிவு): அக்கா, பொஸ்ஸுக்கு மெயில் போட்டால் மூன்று நாளாகியும் பதில் இல்லை. நேரே கேட்டால் "பாக்கிறன்" என்கிறார்.

பதில்: தம்பி, அவர் எடுக்க வேண்டிய முடிவு உங்கள் மெயிலில் எத்தனையாவது வரியில் இருக்கிறது? பெரும்பாலும் கடைசியில் கிடக்கும். போனில் வாசிப்பவர் அதுவரை வரமாட்டார். தலைப்பிலேயே "ஒப்புதல் தேவை, வியாழன் 2 மணிக்குள்" என்று போடுங்கோ. முதல் வரியில் கேட்க வேண்டியதைக் கேளுங்கோ. பிறகு இரண்டு வழிகள், ஒவ்வொன்றின் செலவு, நீங்கள் எதை விரும்புகிறீர்கள், ஏன். ஒரு மெயிலுக்கு ஒரு விஷயம்தான். மூன்றைச் சேர்த்தால் சுலபமானதற்கு மட்டும் பதில் வரும். "பதில் வராவிட்டால் தொடங்கிவிடுவேன்" என்று எழுதுவது சின்ன வேலைகளுக்குச் சரி, அதற்கும் முன்கூட்டியே அவர் சம்மதம் வேண்டும். காசு போகிற விஷயத்தில் எழுதவே வேண்டாம்.

கேள்வி (பேலியகொடை, களஞ்சியம்): சரக்கு மாறிப் போய்விட்டது. சரிப்படுத்திவிட்டுச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம், இப்போதே சொல்லுங்கோ. வாடிக்கையாளர் முந்திக்கொண்டு பொஸ்ஸுக்குப் போன் எடுத்தால், பிழையை விட நீங்கள் மறைத்ததுதான் பெரிதாகத் தெரியும். அந்த நம்பிக்கையைத் திரும்பப் பெற மாதக்கணக்காகும். மெசேஜ் போடாமல் போன் எடுங்கோ. நாலு வசனம் போதும்: "40 பெட்டி மாறிப் போய்விட்டது. இறக்க வேண்டாம் என்று சொல்லியாச்சு. சரியான சரக்கை நாளை காலை 6 மணிக்கு ஏற்றலாம். மேலதிக லொறிக் கூலிக்கு உங்கள் சம்மதம் வேண்டும்." யார் பிழை என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே சிக்கிக்கொள்ளும். காரணத்தை அடுத்த நாள் எழுத்தில் கொடுங்கோ.

கேள்வி (வெள்ளவத்தை): நல்லூர்த் தேர், தீர்த்தத்துக்கு லீவு கேட்டால் முகம் சுளிக்கிறார். போன வருடம் மே மாதம் சேர்ந்தேன்.

பதில்: கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி ஏப்ரல் முதல் ஜூன் வரை சேர்ந்தவருக்கு அடுத்த வருடம் 10 நாள் வருடாந்த லீவு உண்டு, அதற்குப் பிறகு 14. கெசுவல் லீவு 7 நாள் வேறு. ஆனாலும் தங்கச்சி, சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீங்கோ. திருவிழாத் திகதி பஞ்சாங்கத்தில் முதலே இருக்கிறது. முந்தின வாரம் கேட்பதால்தான் முகம் சுளிக்கிறது. இரண்டு மாதம் முன்பே கேளுங்கோ. உங்கள் வேலையைப் பார்க்கச் சம்மதித்தவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கோ. போவதற்கு முன் ஒரு பக்கத்தில் நிலுவை வேலை, அடுத்த படி, கடைசித் திகதி எழுதி இருவருக்கும் கொடுங்கோ.

கேள்வி (பம்பலப்பிட்டி): இரவு 9 மணிக்கும் வாட்ஸப்பில் வேலை வருகிறது.

பதில்: மறந்துவிடும் என்று அப்போதே எழுதி வைக்கிற பொஸ்மார் நிறையப்பேர். பகலில், அவர் ஆறுதலாக இருக்கும்போது கேளுங்கோ: "இரவில் வருவதைக் காலையில் பார்த்தால் போதுமா? அவசரமென்றால் போன் எடுப்பீங்களா?" அவசரம்தான் என்றால் இரண்டு வாரத்துக்குத் திகதியும் நேரமும் குறித்துக்கொண்டு பேசுங்கோ. சட்டத்தில் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு சம்பளம்.

கேள்வி (மருதானை): கூட்டத்தில் சிங்களம் தடுமாறுகிறது. பேசாமல் இருப்பதால் ஆர்வமில்லை என்று நினைக்கிறார்.

பதில்: கூட்டத்துக்கு முதல் நாளே மூன்று குறிப்பை எழுதிக் கொடுங்கோ. கூட்டத்தில் அதில் ஒன்றை மட்டும் சிங்களத்தில் சொல்லிப் பாருங்கோ.