வரைபடம் மாறுகிறது என்பதற்காக மகள் சிவில் துறையை விடவேண்டுமா?

மதிப்பிற்குரிய ஐயா,

கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் சிவில் மூன்றாமாண்டு படிக்கும் தங்கள் மகள், சேலத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் பயிற்சி முடித்து வந்ததிலிருந்து, "வரைபடம் வாரத்துக்கு ஒன்றாக மாறுகிறது, அடித்த சென்ட்ரிங்கையே பிரிக்கிறார்கள்" என்று சலித்துக்கொள்வதாகவும், சிவிலை விட்டு மென்பொருள் பயிற்சியில் சேர்க்கலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர் பார்த்தது விதிவிலக்கன்று. அத்தொழிலின் அன்றாடம் அதுதான்.

மூன்றாம் மாடியில் வீடு வாங்கியவர் கழிவறையை வேறு மூலைக்கு மாற்றச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். தளம் போடுமுன் கேட்டால், தாழ்தளத்தின் (கழிவறைக்காகத் தாழ்த்திப் போடும் தளப்பகுதி) இடம், கம்பி வெட்டும் பட்டியல், கழிவுக்குழாய் இறங்கும் வழி ஆகியவற்றைத் திருத்தினால் போதும். தளம் போட்டபின் கேட்டால் கான்கிரீட்டைத் துளைக்கவேண்டும். துளை பீம் கம்பியில் படக்கூடாது. நீர்க்கசிவுத் தடுப்பைப் புதிதாகச் செய்யாவிட்டால் கீழ்வீட்டுக்காரர் கூரை ஒழுகும். பொருட்செலவைவிடக் காலச்செலவே பெரும்பாலும் பெரிது: காத்திருக்க முடியாத கம்பி கட்டும் குழு வேறு வேலைக்குப் போய்விட்டால், பின்னால் வரவேண்டிய பூச்சு, டைல்ஸ், பெயிண்ட் வேலைகள் வரிசையாகத் தள்ளிப்போகும். இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது, கட்டடக்கலைஞரின் வரைபடம் திருந்தியும் தூண், பீம், கம்பிகளைக் காட்டும் கட்டமைப்பு வரைபடம் திருந்தாமல், மேஸ்திரி பழைய தாளை வைத்தே வேலை செய்வது.

சட்டமும் இதில் குறுக்கிடுகிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 14இன்படி, அனுமதி பெற்ற கட்டட வரைபடத்தையோ பொதுப்பகுதிகளையோ மாற்றுவதற்கு, வீடு ஒதுக்கப்பட்டவர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துவழி முன்சம்மதம் தேவை.

ஒரு மாற்றத்தால் எவ்வளவு கான்கிரீட், எவ்வளவு கம்பி, எத்தனை நாள், யாருடைய செலவு என்று சொல்லக்கூடியவரைத்தான் அளவைப் பொறியாளர், திட்டமிடல் பொறியாளர் என்ற பெயர்களில் நிறுவனங்கள் தேடுகின்றன. அரசுப் பணியிலும் வரைபடம் மாறாமலில்லை, கையெழுத்துகள்தாம் கூடுதல்.

ஆகவே, மென்பொருள் பயிற்சிக்கு இப்போதே பெருந்தொகை கட்டவேண்டாம் என்பது என் கருத்து. மகளிடம், தாம் பார்த்த மாற்றங்களில் ஒன்றை எடுத்து, பழைய, புதிய வரைபடங்களை அருகருகே வைத்து, ஐ.எஸ். 1200 என்ற, கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தரநிலையின்படி வேறுபாட்டைக் கணக்கிட்டு, பாதிக்கப்பட்ட வேலைகளை நாள்வாரியாக எழுதச் சொல்லுங்கள். நேர்காணலில் காட்டத்தக்க ஆவணமாக அது அமையும். அந்தக் கணக்கும் அவருக்குச் சலிப்பாகவே இருந்தால், அழைத்து வாருங்கள். வேறு துறைகளைப் பற்றிப் பேசுவோம்.