மொறிஸ் மைனரின் மாஸ்டர் சிலிண்டரை லேத்தில் கொடுத்துச் சரிசெய்யலாமா?

செய்யலாம். நானே செய்திருக்கிறேன். செய்தபோது ஒரு தவறும் நேர்ந்தது. அந்தத் தவறுக்காகக் குற்றமற்ற ஒருவரைப் பலர் முன்னிலையில் ஏசியும் இருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பாட்டனார் விட்டுச் சென்ற 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் காரின் பிறேக் மிதி தரைமட்டும் இறங்கிவிடுகிறது என்றும், மிதியின் அழுத்தத்தை எண்ணெய் வழியாகச் சில்லுகளுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் கொழும்பில் எங்கும் இல்லை என்று கராஜ்காரர் கையை விரித்துவிட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கார் சில ஆண்டுகளாவது ஓடாமல் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் அதைச் சொல்லவில்லை. ஆனால் வெள்ளவத்தைக் கடற்காற்றில் நிற்கும் கார் எனக்குத் தெரியும். ஓடும் காரைவிட நிற்கும் காரில்தான் பிறேக் சிலிண்டர் விரைவாகக் கெடுகிறது. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அந்த ஈரம் வார்ப்பிரும்புச் சிலிண்டரின் உட்சுவரில் துருப்புள்ளிகளை உண்டாக்கும். மீண்டும் மிதிக்கத் தொடங்கியதும் அந்தப் புள்ளிகள், எண்ணெய் கசியாமல் அடைக்கும் இறப்பர் கப்பின் விளிம்பை அரித்துவிடும்.

முதலில் உங்களுக்குச் சற்று ஆறுதல். 1959ஆம் ஆண்டு வண்டி என்றால் அதிலிருப்பது 948 சீ.சீ. எஞ்சின். 1951இல் ஒஸ்ரின் ஏ30 காரில் அறிமுகமாகி, 2000ஆம் ஆண்டில் மினி காரின் உற்பத்தி நிற்கும் வரை வளர்ந்துவந்த ஏ வரிசை எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. ஆகவே எஞ்சின் பாகங்களில் பலவற்றைப் பிரித்தானியாவில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மின்சாரப் பாகங்கள் சிலவற்றுக்கு இந்தியா கைகொடுக்கும். மொறிஸ் ஒக்ஸ்பர்ட்டைத் தழுவிய அம்பாசடர் கார் அங்கே 2014 வரை உற்பத்தியில் இருந்தது. ஒரு கலியாணத்துக்காகச் சென்னை சென்றிருந்தபோது ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் அம்பாசடருக்கென்று வாங்கிய கொண்டாக்ட் பொயிண்டும் கொண்டென்சரும் என் காரில் எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ரிபியூற்றருக்குச் சரியாகவே பொருந்தின. மின்சாரம் பிறப்பிக்கும் பழைய டைனமோவுக்குப் பதிலாக ஜப்பானிய ஓல்டனேற்றர் போடுவதும் இங்கே வழக்கம்தான். ஆனால் இந்தக் காரில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும் என்பதை மின்வேலை செய்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் புதிய ஓல்டனேற்றர் முதல் நாளிலேயே கருகும்.

மற்றவற்றுக்குக் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தை இருக்கிறது. அங்கே போகும்போது காரின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். மொறிஸ் மைனர் என்ற சொல்லைக் கேட்டதும் "இல்லை" என்பவர்களே அதிகம். அதே மனிதர்கள் பாகத்தைப் பார்த்தால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய் எதையாவது எடுத்து வருவார்கள். என் தகப்பனார் 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில், இப்போது என்னிடமுள்ள மைனரை ஓட்டியவர். கழற்றிய எந்தப் பாகத்தையும் அவர் எறிந்ததில்லை. பால்மா பேணிகளில் போட்டு, எந்த இடத்தில் இருந்தது என்று துண்டுக் கடதாசியில் எழுதி வைத்திருந்தார். சிறு வயதில் எனக்கு அது கஞ்சத்தனமாகத் தெரிந்தது. கடைக்காரருக்குக் காட்ட மாதிரி இல்லாவிட்டால் அந்த நாட்களில் கார் வீட்டோடு நின்றுவிடும் என்பது பின்னர்தான் விளங்கியது.

என் கார் 2020இல் கொரோனா முடக்க காலத்திலும், பிறகு 2022இல் எரிபொருள் இல்லாத மாதங்களிலும் அசையாமல் நின்றது. அந்த ஆண்டு யூலை மாதத்தில் கியூஆர் முறை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று பெற்றோல் கிடைக்கத் தொடங்கியபோது, எடுத்து ஓட்டலாம் என்று ஏறி மிதித்தேன். உங்கள் காரைப் போலவே மிதி தரையைத் தொட்டது. பிரித்தானியாவிலிருந்து புதிய சிலிண்டர் எடுப்பிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியிருந்தது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதே பெரும்பாடாக இருந்தது. ஓய்வூதியத்தில் வாழும் ஒரு கணக்காளனுக்கு அப்போது இருந்த வழி லேத் பட்டறை ஒன்றுதான். பிறேக்கில் விளையாடுவதா என்று முகம் சுளிப்பவர்களை நான் குறை கூறவில்லை. ஆனால் தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பித்தளை ஸ்லீவ், அதாவது மெல்லிய உட்குழாய், போடுவது கொழும்பில் மட்டும் நடக்கும் ஒட்டுவேலையன்று. பழைய கார்களைப் புதுப்பிப்பவர்கள் வெளிநாடுகளிலும் செய்வதுதான்.

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றுவதே ஒரு தவம். ஏனைய கார்கள் பலவற்றில் அது பொனட்டின் கீழே கண்முன் இருக்கும். மைனரிலோ சாரதியின் காலடிப் பலகைக்குக் கீழே, சட்டத்தின் உள்ளே ஒளிந்திருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை உருவ விடாமல் முன் சில்லுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். இரண்டு நாள் போராடிக் கழற்றினோம். உட்சுவர் அம்மைத் தழும்பு விழுந்த முகம் போலிருந்தது.

பஞ்சிகாவத்தையில் இறப்பர் விற்கும் ஒரு நானாவிடம் பழைய கப்பைக் காட்டினேன். அவர் வேர்னியரை எடுத்துச் சிலிண்டரின் துளையை அளந்து, "ஏழு எட்டு அங்குலம்தானே சேர், இதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறீங்க?" என்று சொல்லிவிட்டு, பழைய ஜப்பானிய வான் ஒன்றுக்கான கப்பை எடுத்து நீட்டினார். எட்டில் ஏழு அங்குலம் என்பது 22.2 மில்லிமீற்றர், ஜப்பானியர்களும் தங்கள் பிறேக் சிலிண்டர்கள் பலவற்றின் துளையை இதே அங்குலக் கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். விட்டம் பொருந்தினால் மட்டும் போதாது. கப்பின் தடிப்பும் விளிம்பின் உயரமும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

ஆனால் குழாய் முனைகளில் இந்த ஒற்றுமையை நம்பிவிடாதீர்கள். நம் காரின் பிறேக் குழாய் நட்டு எட்டில் மூன்று அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. ஜப்பானியக் குழாய் நட்டு பத்து மில்லிமீற்றர், புரிகளுக்கிடையே ஒரு மில்லிமீற்றர். பழைய நட்டை ஜப்பானியச் சிலிண்டரில் திருகினால் அது ஏறிக்கொள்ளும், இறுகியது போலவும் தோன்றும். உண்மையில் புரியின் நுனிகள் மட்டுமே பற்றியிருக்கும். வீட்டு வாசலில் மிதித்துப் பார்க்கும்போது தாங்கிவிட்டு, பேருந்தின் பின்னால் அழுத்தி மிதிக்கும்போது பிடுங்கிக்கொண்டு வரும். இந்தக் காரில் நான்கு சில்லுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று என்பதால் ஓரிடத்தில் போனால் முழு பிறேக்கும் போய்விடும்.

ஸ்லீவ் வேலையை அருகிலிருந்த ஒரு லேத் பட்டறையின் பாஸிடம், அதாவது கைவினைஞரிடம், கொடுத்தேன். வயதானவர், சிங்களவர், அதிகம் பேசாதவர். நான்கு நாளில் தந்தார். உட்சுவர் கண்ணாடி போலிருந்தது. பூட்டி, எண்ணெய் நிரப்பி, காற்றெடுத்து மிதித்தபோது மிதி கல்லைப் போல நின்றது. மறுநாள் மாலை தெஹிவளைக்குப் போய்த் திரும்பும்போது கார் கனப்பது போல ஓர் உணர்வு. எஞ்சின் இழுக்கிறது, வண்டி ஓட மறுக்கிறது. வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் முற்றாக நின்றுவிட்டது. நான்கு சில்லும் பிடித்துக்கொண்டிருந்தன. பிறேக் டிரம்முகளில் கை வைக்க முடியாத சூடு. காலி வீதியில் மாலை ஐந்தரை மணிக்கு அசையாத ஒரு காரோடு நிற்பவனுக்கு என்னென்ன பட்டங்கள் கிடைக்கும் என்பதை இங்கே எழுத முடியாது. ஒரு முச்சக்கர வண்டிக்காரர் இறங்கி வந்து, ஸ்பானரால் ஒரு பிளீடர் நிப்பிளை, அதாவது சில்லருகே காற்றெடுக்கும் திருகை, தளர்த்தினார். எண்ணெய் பீறிட்டது, சில்லுகள் விட்டுக்கொண்டன. மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் குழாய்க்குள் அழுத்தம் தங்கியிருக்கிறது என்பதை அந்தப் பீறல் காட்டிவிட்டது. எனக்குத்தான் அப்போது விளங்கவில்லை.

அடுத்த நாள் பட்டறைக்குப் போய், வாடிக்கையாளர் ஐந்தாறு பேர் நிற்கும்போது அந்த பாஸை ஏசினேன். என்ன சொன்னேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் மறுத்துப் பேசவில்லை. நான் கொடுத்த கூலியை லாச்சியிலிருந்து எடுத்து எண்ணி மேசையில் வைத்தார். நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிரவு தகப்பனாரின் பழைய கைநூலை எடுத்து மாஸ்டர் சிலிண்டரின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்தேன். எண்ணெய்த் தொட்டியிலிருந்து சிலிண்டருக்குள் இறங்கும் துளைகள் அதில் இரண்டு இருந்தன. ஒன்று பெரிது, பிஸ்டனின் பின்புறத்துக்கு எண்ணெய் கொடுப்பது. மற்றது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான ஊசித்துளை. மிதி ஓய்வில் இருக்கும்போது கப்பின் விளிம்புக்குச் சற்று முன்னால் வருவது. சில்லுகள் சூடாகி எண்ணெய் விரியும்போது, மிஞ்சியது அந்தத் துளை வழியாகத்தான் தொட்டிக்குத் திரும்ப வேண்டும். அது அடைபட்டால் விரிந்த எண்ணெய்க்குப் போக்கிடமில்லை. பிறேக் தானே மெல்ல மெல்லப் பிடிக்கும், பிடித்ததால் இன்னும் சூடாகும், சூட்டால் இன்னும் இறுகும். காலி வீதியில் நடந்தது அதுதான்.

நான் பட்டறைக்குக் கொடுத்தபோதே அந்த ஊசித்துளை துருவால் மூடிக் கிடந்திருக்கிறது. பாஸ் கண்ணுக்குத் தெரிந்த பெரிய துளையை ஸ்லீவிலும் ஒழுங்காகத் துளைத்திருந்தார். தெரியாத துளையை அவர் எப்படித் துளைப்பார்? அவரிடம் வருவது முச்சக்கர வண்டியும் லொறியும். மைனரின் படம் இருந்தது என் அலுமாரியில். அதைத் திறந்து பார்க்காமல், கழுவாத சிலிண்டரைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்துவிட்டு வந்தவன் நான்.

மறுநாள் கைநூலோடு போனேன். மன்னிப்புக் கேட்டேன், பட்டறையில் அன்று வேறெவரும் இல்லாதது எனக்கு வசதியாகத்தான் இருந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு மெல்லிய கம்பியால் தொட்டிப் பக்கத்துத் துருவைக் கிளறிப் பழைய துளையின் இடத்தைக் கண்டுபிடித்து, அதன் வழியே ஸ்லீவையும் துளைத்தார். உள்ளே எழும்பிய பிசிறை நுண்ணிய எமரித் தாளால் உராய்ந்து நீக்கினார். அந்தப் பிசிறை விட்டுவைத்தால் அது புதிய கப்பைக் கத்தி போல வெட்டிவிடும். பழைய கூலியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். புதிய வேலைக்கு வாங்கவில்லை. அந்தச் சிலிண்டர் இன்றும் என் காரில் இருக்கிறது. இதுவரை கசியவில்லை, பிடிக்கவுமில்லை.

இங்கே வழக்கமாக ஓர் ஆட்சேபம் எழும்: உள்ளூரில் செய்த பாகம் போட்டால் காரின் அசல்தன்மை போய்விடும் என்பார்கள். இப்படிச் சொல்பவர்களில் சிலர் காரைக் கலியாண வாடகைக்கு விடுவதற்காகவே வாங்கி, அதற்கு உதிரிப்பாகம் வேண்டி இன்னொரு நல்ல மைனரைக் கூறுபோட்டவர்கள் என்பது என் ஆற்றாமை; அது கிடக்கட்டும். 1990களில் பிரித்தானியாவின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், அந்நாட்டுக் கார்களுக்கான பாகங்களை இலங்கையில்தான் செய்வித்தார். நம் தகடுவேலைக்காரர் செய்தது ஆங்கிலேயரின் காருக்குப் பொருந்தும், நம் காருக்குப் பொருந்தாது என்றால் எனக்கு விளங்கவில்லை.

அதேபோல் பழைய நிசான் சனி காரின் எஞ்சினைத் தூக்கி வைத்துவிடுங்கள் என்றும் உங்களுக்குச் சொல்வார்கள். பலர் வைத்து ஓட்டுகிறார்கள். ஆனால் வேகம் கூடினாலும் பிறேக் அதே பழைய டிரம் பிறேக்தான். எஞ்சின் இலக்கத்தைப் பதிவில் மாற்றும் அலைச்சலும் சேரும். முதலில் நிற்க வையுங்கள்.

நீங்கள் சிலிண்டரைக் கொடுக்கும் முன் பெற்றோலால் கழுவாதீர்கள், இறப்பர் உப்பிவிடும். மெதிலேற்றட் ஸ்பிரிட்டால் கழுவுங்கள். கிட்டாரின் மிக மெல்லிய தந்தியில் ஒரு துண்டை எடுத்து ஊசித்துளையில் விட்டு, அது மறுபக்கம் வருவதை லேத் பாஸுக்குக் காட்டுங்கள். வேலை முடிந்து வந்த பிறகும் அதே தந்தியை ஒருமுறை விட்டுப் பாருங்கள். பூட்டியதும் மிதிக்குச் சற்று வெற்றசைவு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காமல் கப் அந்தத் துளையை மூடியே நிற்கும். மீண்டும் பூட்டும்போது போல்ட்டுகளை எதிர்ப்புறமிருந்து செருகச் சொல்லுங்கள். அடுத்த முறை கழற்றும்போது முறுக்குக் கம்பி குறுக்கே வராது.