எலைட் டேஞ்சரஸ்: பால்வெளி மையம் வரை போக ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரரில் என்னென்ன மாட்டலாம்?

எலைட் டேஞ்சரஸ் விண்வெளி விளையாட்டில் உங்கள் கையில் ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரர் என்ற கப்பல் ஒன்று, 4 கோடி கிரெடிட் (விளையாட்டுப் பணம்). பால்வெளி மையத்தில் இருக்கும் கருந்துளையான சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் வரை போய்ப் பார்க்க வேண்டும், எதை வாங்குவது, எதைக் கழற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ஆஸ்ப்தான் ஓட்டுகிறேன். அனகோண்டா என்ற பெரிய கப்பலுக்காகக் காசு சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம், இந்தப் பயணத்துக்கு இதுவே போதும். முன்பக்கக் கண்ணாடி வழியாகத் தெரியும் காட்சிக்காகவே இதை விடாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சூரியனிலிருந்து அந்த இடம் ஏறத்தாழ 25,900 ஒளியாண்டு. ஒரு ஜம்ப்புக்கு (ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒரே தாவல்) 35 ஒளியாண்டு போகும் கப்பல் என்றால் சுமார் 740 ஜம்ப். 55 ஆக்கிவிட்டால் 470 சொச்சம். அதனால்தான் எல்லோரும் ஜம்ப் தூரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். தப்பில்லை. ஆனால் அந்த எண்ணை மட்டும் துரத்திக்கொண்டு போனால் கப்பல் போய்ச் சேரும், திரும்பி வருமா என்பதுதான் கேள்வி.

முதலில் எடை. கப்பலை ஜம்ப் செய்யவைக்கும் எஞ்சினான எஃப்எஸ்டி ஒன்றுதான் ஏ தரத்தில் இருக்க வேண்டும் (பாகங்களுக்கு ஏ முதல் இ வரை தரம் உண்டு; 5ஏ என்றால் ஐந்தாம் அளவு, ஏ தரம்). லைஃப் சப்போர்ட், சென்சார், த்ரஸ்டர் எல்லாம் டி தரம். டி என்றால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், ஒவ்வொரு அளவிலும் டிதான் இருப்பதிலேயே இலேசு. ஆஸ்ப்பின் சென்சாரைப் பாருங்கள்: 5ஏ 20 டன், 5டி 8 டன். ஆளே இல்லாத வெளியில் நல்ல சென்சாரை வைத்து யாரைத் தேடப் போகிறீர்கள்? ஆயுதங்களையும் கழற்றிவிடுங்கள். சீர்வரிசை போல எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பக் கூடாது.

பவர் பிளான்ட் மட்டும் விதிவிலக்கு. அங்கே அளவைக் குறைத்துத் தரத்தை ஏற்ற வேண்டும். 5டி 8 டன், 3ஏ 2.5 டன். எடை குறைகிறது, அதைவிட முக்கியமாக ஏ தரம் குறைவாகச் சூடாகும். நட்சத்திரத்தை உரசி எரிபொருள் அள்ளும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். குளிர்ச்சியான கப்பலில் அள்ளி முடிக்கும் முன்பே அடுத்த ஜம்ப்புக்குச் சார்ஜ் ஏற்ற ஆரம்பித்துவிடலாம். சூடு 100 சதவீதத்தைத் தாண்டினால் மாட்யூல்கள் ஒவ்வொன்றாக அடி வாங்கத் தொடங்கும். 3ஏ கொடுக்கும் 12 மெகாவாட் பற்றுமா என்பதைக் கொரியோலிஸ் அல்லது இடிஎஸ்ஒய் இணையதளத்தில் உங்கள் கப்பலைக் கட்டிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பற்றாவிட்டால் 4ஏ.

அடுத்து, நட்சத்திரத்திலிருந்து எரிபொருள் அள்ளும் ஃப்யூல் ஸ்கூப். உங்கள் பணம் பெரும்பாலும் இதில்தான் கரையும். 6ஏ ஸ்கூப்பின் விலை 2 கோடியே 87 லட்சத்துக்கு மேல். ஆஸ்ப்பே வெறும் 66 லட்சம்தான்! அது நொடிக்கு 878 கிலோ அள்ளும். 6பி 752 கிலோ அள்ளும், விலையோ ஏறக்குறைய 72 லட்சம். ஒரு முழு ஜம்ப்புக்கு 5 டன் எரிபொருள் என்று வைத்துக்கொண்டால், ஏவுக்கும் பிக்கும் ஒரு நொடிதான் வித்தியாசம். அந்த ஒரு நொடிக்கு 2 கோடி கொடுக்க எனக்கு மனசு வராது. 6பி வாங்கிவிட்டு மிச்சத்தை இன்ஷூரன்ஸுக்கு வையுங்கள். இன்னொரு சங்கதி, ஸ்கூப்புக்கு எடையே கிடையாது. அதனால் எடை குறைக்கிறேன் பேர்வழி என்று சின்ன ஸ்கூப் போடுவதில் அர்த்தமில்லை.

ஷீல்டைக் கழற்றச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால் கேட்காதீர்கள். 3டி ஷீல்டு 2 டன்தான். ஈர்ப்பு அதிகமான கோளில் இறங்கும்போது அதன் அருமை தெரியும். பூமியைப் போல இரண்டு மடங்கு ஈர்ப்பு உள்ள இடத்தில் மூக்கைக் கீழே சாய்த்தால் கப்பல் நீங்கள் நினைப்பதைவிட வேகமாக விழும். பிடித்து நிறுத்துவதற்குள் தரை வந்துவிடும். ஷீல்டு இருந்தால் ஒரு தட்டு தட்டிவிட்டு உட்காரும், இல்லாவிட்டால் அந்த அடி நேரே உடம்பில்தான். த்ரஸ்டரையும் 5டிக்குக் கீழே இறக்காதீர்கள், காரணம் இதேதான்.

பழுதான மாட்யூல்களைப் பயணத்திலேயே சரிசெய்யும் ஏஎஃப்எம்யூ இரண்டு போடுங்கள். ஒன்று தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ளாது, இரண்டு இருந்தால் ஒன்றை ஒன்று சரிசெய்யும். இதற்கும் எடை இல்லை. நியூட்ரான் நட்சத்திரம் பீய்ச்சும் கற்றையில் நுழைந்து எஃப்எஸ்டிக்குக் கூடுதல் சார்ஜ் ஏற்றினால் நான்கு மடங்கு தூரம் ஒரே தாவலில் போகலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் எஃப்எஸ்டி கொஞ்சம் தேயும். அதைச் சரிசெய்ய இது வேண்டும். பவர் பிளான்ட்டை மட்டும் ஏஎஃப்எம்யூ தொடாது. வெள்ளைக் குள்ளன் நட்சத்திரங்களும் தூரத்தைக் கூட்டும், ஒன்றரை மடங்குதான். அந்த லாபத்துக்கு அந்த ஆபத்து வேண்டாம் என்பது என் கட்சி.

மீதி இடங்களில் கோள்களை ஸ்கேன் செய்யும் டீட்டெய்ல்டு சர்ஃபேஸ் ஸ்கேனர், கோளில் ஓட்ட ஓர் எஸ்ஆர்வி வண்டி. வெளியே, சூட்டை வெளியேற்றும் ஒரு ஹீட் சிங்க் லாஞ்சர், இரட்டை நட்சத்திரங்களுக்கு நடுவே போய் விழுந்தால் கைகொடுக்கும்.

ஐந்தாம் அளவு இடத்தைக் கார்டியன் எஃப்எஸ்டி பூஸ்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாட்யூலில் 10.5 ஒளியாண்டு கூடும். இதை வாங்கும் உரிமையைப் பெறக் கார்டியன் என்ற பழைய இனத்தின் இடிபாடுகளில் எஸ்ஆர்வியோடு அலைய வேண்டும், சலிப்பான வேலைதான், ஆனாலும் செய்துவிடுங்கள். அப்புறம் டெசியாட் நட்சத்திர மண்டலத்தில் இருக்கும் ஃபெலிசிட்டி ஃபார்சீர், பாகங்களை மேம்படுத்தித் தரும் இன்ஜினியர். ஆய்வுப் பயணத்தில் ஸ்கௌட் தகுதி வந்ததும் கூப்பிடுவார், மெட்டா அலாய் என்ற பொருள் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எஃப்எஸ்டியின் ஜம்ப் தூரத்தைக் கூட்டித் தருவார். இந்த இரண்டும் இல்லாமல் இவ்வளவு தூரம் கிளம்புவது வீண் அலைச்சல். 2024-இல் வந்த எஸ்சிஓ வகை எஃப்எஸ்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள், ஜம்ப் தூரமும் கூடுதல். ஆஸ்ப்பில் அதன் ஓவர்சார்ஜை (வேகத்தைக் கூட்டும் வசதி) அழுத்தினால் சூடு எகிறும், எரிபொருள் கரையும், கவனம்.

கிளம்பும் முன் கேலக்ஸி மேப்பில் ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் வகை நட்சத்திரங்களை மட்டும் வடிகட்டி வழி போடுங்கள், மற்றவற்றில் எரிபொருள் அள்ள முடியாது. கப்பல் வெடித்தால் அதுவரை ஸ்கேன் செய்து விற்காமல் வைத்திருக்கும் தரவும் போய்விடும். மையத்துக்குப் பக்கத்திலேயே எக்ஸ்ப்ளோரர்ஸ் ஆங்கரேஜ் என்ற நிலையம் இருக்கிறது. போன கையோடு அங்கே தரவை விற்று, பவர் பிளான்ட்டையும் பழுது பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.