மென்பொருள் கற்க முதுகலை எதற்கு?

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாக ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயனர் கையேடு எழுதுகிறேன். தொழில்முறைத் தொடர்பியலும் டிஜிட்டல் ஊடகமும் சேர்ந்த முதுகலைப் படிப்பில் சேர ஆசை. வடிவமைப்பு, எடிட்டிங் எல்லாம் யூடியூபிலேயே கிடைக்கிறது, எழுதுவதை ஏஐ பார்த்துக்கொள்ளும், இரண்டு வருடத்தை வீணாக்காதே என்கிறார்கள் நண்பர்கள். சேரலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. மென்பொருள் கற்பதற்காகத்தான் என்றால் போக வேண்டாம், படித்து முடிப்பதற்குள் அது மாறியிருக்கும்.

ஆனால் 2003-ல் அமெரிக்காவின் கொலம்பியா விண்கலத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். புறப்படும்போது எரிபொருள் தொட்டியின் வெப்பக்காப்பு உறையிலிருந்து பெயர்ந்த கெட்டி நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே பொறியாளர்கள் பவர்பாயிண்ட் ஸ்லைடு போட்டு மேலாளர்களுக்கு விளக்கினார்கள். மோதிய துண்டு, பழைய மோதல் சோதனைகளில் பயன்படுத்தியதைவிட 640 மடங்கு பெரியது என்பது அவர்கள் கணக்கு, அப்படியென்றால் அந்தச் சோதனைகளை நம்பி எதுவும் சொல்ல முடியாது. இந்த விஷயம் ஸ்லைடின் அடியில், சின்ன எழுத்தில், 1920 கன அங்குலம், 3 கன அங்குலம் என்று வெறும் இரண்டு எண்களாகக் கிடந்தது. தலைப்போ ஆறுதல் சொல்வதுபோல இருந்தது. ஏழு பேர் உயிரோடு திரும்பவில்லை. அந்த ஸ்லைடுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொழில்நுட்ப அறிக்கை எழுதாமல் ஸ்லைடு போட்டே காலம் தள்ளும் பழக்கத்தை விசாரணைக் குழு தன் அறிக்கையிலேயே குறை சொன்னது.

தேவையான எண்கள் அதில் இருந்தன, முடிவெடுக்க வேண்டியவர் கண்ணில் முதலில் பட வேண்டியது கடைசியில் போய்விட்டது. படிப்பவர் யார், என்ன அவசரத்தில் இருக்கிறார், படித்ததும் என்ன செய்யப்போகிறார், இதை இரண்டு வருடம் விடாமல் கேட்க வைக்கிற படிப்பு என்றால் தாராளமாகச் சேருங்கள். ஏஐ எழுதித் தந்தாலும் இந்தக் கேள்வியை ஒரு மனிதர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சேருமுன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். பயனர் சோதனைக்கு ஒரு தாள் இருக்கிறதா? நான் எழுதிய கையேட்டை வைத்துக்கொண்டு ஒருவர் தடுமாறியதை, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒரு மணி நேரத்தில் கற்றதுபோல நான் வேறெங்கும் கற்கவில்லை. அப்புறம், பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் பயன்படுத்தும்படி பக்கங்களை அமைப்பது, வெளி நிறுவனம் ஒன்றுக்கு நிஜமாகவே வேலை செய்துகொடுக்கும் ப்ராஜெக்ட், இவையும் வேண்டும். எல்லாத் தாள்களும் மென்பொருள் பெயர்களாகவே இருந்தால் விட்டுவிடுங்கள்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் கையேட்டை, அதைப் பார்த்தேயிராத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.