14 டொமைன் சும்மா கிடக்கிறது: வெப்சைட் கட்டினால் காசு வருமா?

கேள்வி: வேளச்சேரியில் வசிக்கிறேன், வயது 37. அம்பத்தூரில் வேலை, கைக்கு வருவது மாதம் 46,000 ரூபாய். ஆஃபர் வரும்போதெல்லாம் வாங்கிப் போட்டதில் இப்போது 14 டொமைன்கள் (வெப்சைட் முகவரிப் பெயர்கள்) என் பெயரில் இருக்கின்றன: 9 டாட் காம், 3 டாட் இன், 2 டாட் எக்ஸ்ஒய்இசட். எதிலும் வெப்சைட் கிடையாது. ஒரு வெப் டிசைன் நிறுவனம் 85,000 ரூபாய்க்கு 14 சைட்டும் கட்டி, கூகுள் விளம்பரம் காட்டிக் காசு பெறும் ஆட்சென்ஸும் வாங்கித் தருகிறேன், மாதம் 25,000 வரும் என்கிறது. சீட்டு எடுத்த பணம் 90,000 கையில் இருக்கிறது. 10 சதவீத வட்டியில் 1,20,000 ரூபாய் நகைக்கடனும் ஓடுகிறது. டொமைன் என்பது மனை மாதிரி, வைத்திருந்தால் விலை ஏறும் என்கிறார் நண்பர். பணத்தைப் போடலாமா? மனைவி பெயரில் செய்தால் வரி மிச்சமாகுமா?

பதில்: அந்த 85,000 ரூபாயைக் கொடுக்க வேண்டாம். சீட்டுப் பணத்திலிருந்து அதை நகைக்கடனில் கட்டினால் ஆண்டுக்கு 8,500 ரூபாய் வட்டி நிச்சயமாக மிஞ்சும். 14 சைட்டும் சேர்ந்து அந்த 8,500-ஐத் தருமா என்பதே சந்தேகம். ஆனால் கையில் இருப்பதில் ஒன்றிரண்டை வைத்து, பெரிய செலவில்லாமல் ஒரு முயற்சி செய்யலாம். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த மனைக் கணக்கு. மனைக்கு ஒரு வருடம் வரி கட்ட மறந்தால் அது அடுத்தவர் கைக்குப் போய்விடாது. டொமைன் போய்விடும். டாட் காம் காலாவதியானால், பெயரை உங்களுக்கு விற்ற ரிஜிஸ்ட்ரார் நிறுவனத்தைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் சலுகைக் காலம் கிடைக்கலாம். பிறகு 30 நாள் ‘ரிடெம்ப்ஷன்’. இதில் மீட்க ரினியூவலைப் போலப் பல மடங்கு கட்டணம் கேட்பார்கள். அதன் பிறகு 5 நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். ஆகவே இது ஆண்டுதோறும் செலவு வைக்கும் பொருள். முதல் வருடம் 99 ரூபாய், 199 ரூபாய் என்பது தூண்டில் விலை. 2024 செப்டம்பரில் டாட் காமுக்கு ரிஜிஸ்ட்ரார் கட்டும் மொத்த வியாபார விலையே 10.26 டாலர் ஆனது. அதற்கு மேல் ரிஜிஸ்ட்ராரின் லாபம், 18 சதவீத ஜிஎஸ்டி. உங்கள் ரினியூவல் விலையை டாட் காம் 1,400, டாட் இன் 900, எக்ஸ்ஒய்இசட் 1,500 என்று வைத்தால் ஆண்டுக்கு 18,300 ரூபாய். சும்மா கிடப்பதற்கே மாதம் 1,525 ரூபாய் போகிறது.

இதை ஆட்சென்ஸ் மூலம் மட்டும் ஈடுகட்ட என்ன வேண்டும்? தமிழ்ப் பக்கங்களுக்கு 2018 பிப்ரவரியிலிருந்து ஆட்சென்ஸ் உண்டு, அதில் தடையில்லை. ஆயிரம் பக்கப் பார்வைக்கு ஒரு டாலர் என்று வைத்துக்கொள்வோம். புதுச் சைட்டுக்கு இது தாராளமான கணக்குதான். டாலர் 88 ரூபாய் என்றால், 18,300 ரூபாய்க்கு 208 டாலர், அதாவது ஆண்டுக்கு 2,08,000 பார்வைகள். இது ரினியூவல் செலவுக்கு மட்டும். அவர்கள் சொல்லும் மாதம் 25,000 வர வேண்டுமானால் மாதாமாதம் 2,84,000 பார்வைகள் வேண்டும். அந்தக் கூட்டம் எங்கிருந்து வரும் என்று அந்த நிறுவனத்தைக் கேளுங்கள். எழுத்தில் பதில் வராது.

14 சைட் திட்டம் பணம் பண்ணாததற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒரே டெம்ப்ளேட்டில், ஏஐ எழுதிய அல்லது வேறெங்கோ எடுத்த கட்டுரைகளை நிரப்பி 14 சைட்டிலும் போடுவார்கள். தேடுபொறிக்காக மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களையும், பழைய டொமைனின் பெயரை வைத்து நடத்தும் வெற்றுச் சைட்டுகளையும் கூகுள் 2024 மார்ச்சில் ஸ்பேம் பட்டியலில் வெளிப்படையாகச் சேர்த்தது. தேடும் சொல்லே டொமைனாக இருந்தால் மேலே வரும் என்ற காலமும் 2012-லேயே முடிந்துவிட்டது. 14 சைட்டும் ஒன்றுக்கொன்று லிங்க் கொடுத்துக்கொண்டால் இன்னும் மோசம். ஆட்சென்ஸ் ஒருவருக்கு ஒரே கணக்குதான். ஒரு சைட்டில் விதிமீறல் நடந்தாலும், நண்பர்களை விட்டு விளம்பரத்தைக் கிளிக் பண்ணச் சொன்னாலும், அடி மொத்தக் கணக்குக்கும் விழலாம். சைட் கட்டாமல் வெறும் பெயரைப் பார்க்கிங் சேவையில் விட்டு விளம்பரம் காட்டலாமே என்பீர்கள். ஒருசில டொமைன்களுக்கு அதில் வருவது ஒரு ரினியூவலுக்கே போதாது.

சரி, எந்த டொமைனை வைத்துக்கொள்வது? ஒரு ஷீட்டில் 14-ஐயும் எழுதி, காலாவதித் தேதி, ரினியூவல் விலை, பெயர் எதைக் குறிக்கிறது என்று மூன்று பத்தி போடுங்கள். ஒவ்வொரு பெயரையும் மத்திய அரசின் வணிகச்சின்னப் பதிவேட்டில் தேடுங்கள், இலவசம். மொபைல் பிராண்ட், நடிகர், கடை என எதன் பெயர் இருந்தாலும் அது முதலில் போக வேண்டியது. டொமைன் பெயருக்கும் வணிகச்சின்னம் போன்ற பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் சொன்னது நம் சென்னைக் கம்பெனியான சத்யம் இன்ஃபோவேயின் ‘சிஃபி’ வழக்கில்தான். டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பி, டாட் காமுக்கு யுடிஆர்பி என்று நீதிமன்றம் போகாமலே பெயரைப் பறிக்கும் வழிகளும் உள்ளன. அப்படிப்பட்ட பெயரில் விளம்பரம் போட்டுச் சம்பாதித்தால், கெட்ட நோக்கத்துக்கு நீங்களே சாட்சி எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும். பங்கு டிப்ஸ் தொனியில் பெயர் இருந்தால் அதுவும் வேண்டாம். செபி பதிவு இல்லாமல் பரிந்துரை சொல்ல முடியாது. வேறொருவர் விட்டுப்போன பெயரை வாங்கியிருந்தால், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அதன் பழைய பக்கங்களைப் பாருங்கள். சூதாட்டமோ ஆபாசமோ ஓடியிருந்தால் அதை மீட்டெடுக்கக் கஷ்டப்பட வேண்டாம்.

விடப்போகும் டொமைன்களில் ஆட்டோ ரினியூவை அணைத்துவிடுங்கள். அதற்கு முன் ஒரு சோதனை: அந்த டொமைனில் மின்னஞ்சல் வைத்து வங்கியிலோ ஜிமெயில் ரெக்கவரியிலோ கொடுத்திருக்கிறீர்களா? பிறகு அந்தப் பெயரை வாங்குபவர் அதே முகவரியை உருவாக்கி உங்கள் பாஸ்வேர்டை மாற்றிவிட முடியும். கொடுத்திருந்தால் எல்லா இடத்திலும் மாற்றிய பிறகே விடுங்கள்.

இப்படிக் கழித்தால் மூன்று நான்குதான் மிஞ்சும் என்பது என் ஊகம். அதில் சென்னையில் யாரோ ஒருவர் போன் எடுத்துக் கூப்பிடும் ஒரு சேவை இருக்கிறதா பாருங்கள்: சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) கிளீனிங், இன்வெர்ட்டர் பேட்டரி, ஆர்ஓ சர்வீஸ், வீடு மாற்றும் வேலை. இந்த வகைக்கு விளம்பரத்தைவிட அழைப்பை விற்பதில் பணம் அதிகம். சம்ப் கிளீனிங்கை எடுத்துக்கொள்வோம். மேடவாக்கம், பள்ளிக்கரணை, பெருங்குடி அப்பார்ட்மெண்ட்களில் லாரித் தண்ணீர் இறங்குகிறது. சம்ப்பில் சேறு படிகிறது. வேலை தெரிந்த ஒரு கடைக்காரரிடம் பேசி, உருப்படியான அழைப்புக்கு 150 ரூபாய் என்று முடிவு செய்கிறீர்கள். மாதம் 8 அழைப்பு வந்தால் 1,200; ஆண்டுக்கு 14,400. டாட் இன் டொமைன் 900, அதற்கென்று வைத்த தனி சிம்முக்கு ரீசார்ஜ் மாதம் 200 வீதம் 2,400. மீதி 11,100 ரூபாய். இது உதாரணக் கணக்கு, உத்தரவாதம் அல்ல. முதல் ஆறு மாதம் ஒரு அழைப்பும் வராமல் போகலாம். ‘உருப்படியான அழைப்பு’ என்றால் என்ன என்பதைப் பேச்சோடு விடாமல் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்: உங்கள் ஏரியா, 60 நொடிக்கு மேல் பேச்சு, ஒரே எண்ணுக்கு 30 நாளில் ஒருமுறைதான் காசு. தகராறு வருவது எப்போதும் இதில்தான்.

சைட்டுக்கு 6 முதல் 8 பக்கம் போதும். விலைப் பட்டியல், ஏரியாக்கள், வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகும், அதுவரை வீட்டில் தண்ணீர் என்ன செய்வது, அந்தக் கடைக்காரர் நிஜமாக எடுத்த படங்கள். ஒரு பக்கம் கணக்குக்காக இருக்கட்டும்: சம்ப்பின் நீளம், அகலம், ஆழத்தை அடியில் பெருக்கி 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர். 8க்கு 6க்கு 5 அடி சம்ப் என்றால் 240 கன அடி, ஏறத்தாழ 6,800 லிட்டர். அசோசியேஷன் செக்ரட்டரி தேடுவது இதைத்தான். 1,500 வார்த்தையில் ‘தண்ணீரின் முக்கியத்துவம்’ கட்டுரையை யாரும் தேடுவதில்லை. மூடிய சம்ப்பில் ஆளை இறக்கும்முன் காற்றோட்டம் வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அதை மதிக்காத கடைக்காரரோடு சேராதீர்கள்.

கட்டுவதற்கு வேர்ட்பிரஸ் வேண்டியதில்லை. வேர்ட்பிரஸை அப்டேட் பண்ணாமல் விட்டால் பிளகின் (அதில் சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) ஓட்டை வழியாகப் புகுந்து ஜப்பானிய எழுத்தில் ஆயிரக்கணக்கான போலிப் பக்கங்களை ஏற்றிவிடுவார்கள். உங்களுக்குத் தெரிவதற்குள் கூகுளில் பெயர் கெட்டுவிடும். சும்மா கிடக்கும் சைட்டுக்கு இது அடிக்கடி நடப்பது. எளிய ஹெச்டிஎம்எல் பக்கங்களைக் கிளவுட்ஃப்ளேர் பேஜஸில் இலவசமாக வைக்கலாம். கிட்ஹப் பேஜஸும் இலவசம்தான், ஆனால் வணிக சைட்டுக்கு அதன் விதிகள் இடம் தரவில்லை. ரிஜிஸ்ட்ராரில், பெயரை சைட்டோடு இணைக்கும் நேம்சர்வரை மாற்றியதும் எல்லா இடத்திலும் தெரிய 48 மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் பத்து தடவை மாற்றிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிறகு கூகுளின் சர்ச் கன்சோலில், டிஎக்ஸ்டி ரெக்கார்டு (டொமைன் செட்டிங்கில் சேர்க்கும் ஒரு வரி) மூலம் உரிமையைச் சரிபார்த்து, சைட்மேப் என்ற பக்கப் பட்டியலைக் கொடுங்கள். பெயரும் எண்ணும் வாங்கும் படிவம் வைத்தால், எண் யாருக்குப் போகும் என்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கேட்கிறது. படிவமே வேண்டாம், கூப்பிடும் பொத்தான் போதும் என்பது என் கட்சி.

யாரிடமாவது வேலை கொடுத்தாலும் ரிஜிஸ்ட்ரார் லாகினைக் கொடுக்காதீர்கள். டொமைன், ஆட்சென்ஸ், சர்ச் கன்சோல் மூன்றும் உங்கள் மின்னஞ்சலிலேயே இருக்க வேண்டும்.

விற்கப் பார்ப்பதில் தவறில்லை. ‘விற்பனைக்கு’ என்று ஒரு பக்கம் போட்டுவிடலாம். உங்கள் டொமைனுக்கு 8,000 டாலர் தருகிறேன், ஆனால் இந்தத் தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி அனுப்பு என்று மெயில் வந்தால் அது மோசடி. சான்றிதழுக்குக் கட்டும் பணம் அவருக்கே போகும். பணம் பெற க்யூஆர் ஸ்கேன் பண்ணு என்பவரும் அதே கூட்டம். நிஜ விற்பனை, பெயர் கைமாறும் வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் எஸ்க்ரோ மூலம் நடக்கும்.

வரிக்கு வருவோம். இந்த வருமானம் வந்தால் பொதுவாக அது தொழில் வருமானம். எளிய வருமான வரிப் படிவமான ஐடிஆர்-1 போட முடியாது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 44ஏடி எனப்பட்ட உத்தேச வரி முறையில் டிஜிட்டல் வரவில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம், ஆனால் கமிஷன் வருமானத்துக்கு அது பொருந்தாது. அழைப்புக்கு வாங்கும் காசு கமிஷனாகப் பார்க்கப்படலாம் என்பதால் செலவு ரசீதுகளை வைத்திருங்கள். பழைய வரி முறையில் இருப்பவர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: சம்பளம் மட்டும் இருந்தால் ஆண்டுதோறும் முறையை மாற்றலாம், தொழில் வருமானம் வந்துவிட்டால் அந்த வசதி போய்விடும். ஜிஎஸ்டி பதிவு வரம்பு 20 லட்சம், இப்போதைக்குக் கவலை இல்லை. அப்பாயின்ட்மெண்ட் ஆர்டரில் வெளி வருமானம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

மனைவி பெயரில் வைத்தால் வரி மிச்சமாகாது. உங்கள் டொமைனை அவருக்குச் சும்மா மாற்றிக் கொடுத்தால், அதிலிருந்து வரும் வருமானம் உங்கள் வருமானத்தோடுதான் சேர்க்கப்படும். அவருக்கே ஆர்வம் இருந்து, அழைப்புகளையும் கடைக்காரரையும் அவரே பார்த்துக்கொள்வார் என்றால், புது டாட் இன் ஒன்றை அவர் பெயரில் பதிவு செய்து அந்த 900 ரூபாயை அவருடைய சொந்தச் சேமிப்பிலிருந்து கட்டட்டும். சிம்மும் வங்கிக் கணக்கும்கூட அவர் பெயரிலேயே இருக்கட்டும்.