பூட்டிய வீடுகளில் தொடர் திருட்டு: சங்கத்தின் ஒன்றரை லட்சத்தையும் கேமராவுக்கே போடலாமா?

கேட்கப்பட்டது இது: சென்னைப் புறநகரில் 60 தனி வீடுகள் உள்ள நகர், உள்ளே வர இரண்டு வழிகள். அடுத்தடுத்து மூன்று பூட்டிய வீடுகளில் பூட்டை உடைத்துத் திருட்டு. குடியிருப்போர் நலச்சங்கத்திடம் ஒன்றரை லட்சம் ரூபாய் இருக்கிறது. 16 கேமராவுக்கு விலைப்புள்ளி வந்திருக்கிறது. போடலாமா?

முழுப் பணத்தையும் போடாதீர்கள். நான்கு கேமரா போதும், அதுவும் கடைசியில். கேமரா திருடனைத் தடுப்பது குறைவு. நடந்து முடிந்ததைச் சொல்லத்தான் அதிகம் உதவும். பூட்டிய வீட்டுக்கு வருகிறவன் இரண்டு விஷயம் பார்க்கிறான்: வீட்டில் ஆள் இல்லையா, கதவைச் சத்தமில்லாமல் சீக்கிரம் திறக்க முடியுமா. இந்த இரண்டையும் கெடுத்துவிட்டால் அடுத்த தெருவுக்குப் போவான். ஆகவே முதல் செலவு கதவுக்கு.

நம் ஊரில் "பூட்டை உடைத்து" என்று செய்தி போடுவார்கள். பெரும்பாலும் பூட்டு உடைவதில்லை. பூட்டு மாட்டியிருக்கும் நாதாங்கிதான் கழன்று வருகிறது. ஆல்ட்ராப் என்ற பெரிய தாழ்ப்பாளும் கொண்டியும் அரை அங்குல, முக்கால் அங்குல ஸ்குரூவில் நிற்கின்றன. இடுக்கில் இரண்டடி இரும்புக் கம்பியை விட்டு நெம்பினால் ஸ்குரூ மரத்தோடு பிய்த்துக்கொண்டு வரும். ஐந்நூறு ரூபாய் பூட்டைக் கழற்றிவிட்டு இரண்டாயிரம் ரூபாய் பூட்டை அதே நாதாங்கியில் மாட்டுவதால் பயனில்லை. ஆசாரியைக் கூப்பிட்டு, கதவை முழுவதும் துளைத்துப் போகும் 8 மி.மீ. கேரியேஜ் போல்ட் போடச் சொல்லுங்கள். உருண்டைத் தலை வெளியே, வாஷரும் நட்டும் உள்ளே. வெளியிலிருந்து திருப்புளிக்குப் பிடிமானமே இருக்காது.

அதைவிட நல்லது, வெளியே பூட்டே தொங்காமல் இருப்பது. தொங்கும் பூட்டு "வீட்டில் ஆள் இல்லை" என்று தெருவுக்கே சொல்கிறது. கதவுக்குள் பதிக்கும் மார்ட்டைஸ் பூட்டு வையுங்கள். ஆனால் அதிலும் பலவீனம் பூட்டில் இல்லை, கதவின் நிலைச்சட்டத்தில் இருக்கிறது. பூட்டின் நாக்கு நுழையும் பள்ளத்துக்கு முன்னால் நிலையில் மிஞ்சுவது விரலளவு மரம்தான். கம்பி நுழைந்தால் அது பிளந்துவிடும். அந்த இடத்தில் 3 மி.மீ. கனமும் ஓரடி நீளமும் உள்ள இரும்புத் தகட்டை எல் வடிவில் மடித்து, 3 அங்குல ஸ்குரூவால் நிலையில் இறக்குங்கள். இடுப்புயரத்தில் ஒரு பூட்டு மட்டும் இருந்தால் கதவின் கீழ்ப்பாதி வளைந்து கொடுக்கும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இரண்டாவது பூட்டு வைத்தால் கம்பிக்காரனுக்கு வேலை இரட்டிப்பு, சத்தமும் இரட்டிப்பு.

இரட்டைக் கதவு வைத்த வீடுகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். எப்போதும் மூடியே கிடக்கும் பாதியை மேலும் கீழும் 4 அங்குலத் தாழ்ப்பாள்தான் பிடித்திருக்கும். தோளால் இடித்தால் போதும், பூட்டு பூட்டியபடியே இரண்டு பாதியும் திறக்கும். மேலே 12 அங்குலத் தாழ்ப்பாள் போடுங்கள். கீழே கம்பி டைல்ஸில் அரை அங்குலம் உட்கார்ந்தால் போதாது. கான்கிரீட்டுக்குள் ஒன்றரை அங்குலமாவது இறங்க வேண்டும்.

முன்கதவைத் தேக்கில் போட்டுவிட்டு மொட்டை மாடிக் கதவைத் தகரத்திலும் பி.வி.சி.யிலும் விட்டிருப்போம். சன்ஷேடு, தண்ணீர்க் குழாய், பக்கத்து வீட்டில் கட்டட வேலைக்கு நிறுத்திய சாரம் என்று மாடிக்கு ஏற எத்தனையோ வழி. மாடிக் கதவு மழையில் உப்பி, தாழ்ப்பாள் துளையில் ஏறாமல், "கொஞ்சம் இழுத்து மூடினால் போதும்" என்ற நிலையில் பல வீடுகளில் இருக்கும். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு என்றால் கீலின் ஊசி வெளியே இருக்கும். அதைத் தட்டிக் கழற்றினால் பூட்டுக்கு வேலையே இல்லை. வெல்டரிடம் சொல்லி ஊசியின் இரு முனையிலும் ஒரு பொட்டு வெல்டிங் வைத்தால் முடிந்தது. படிக்கட்டின் கீழே, வீட்டுக்குள் நுழையும் இடத்தில், இன்னொரு கிரில் கேட் இருந்தால் மாடியை முழுதாக மறந்துவிடலாம்.

ஜன்னல் கிரில்லில் கம்பிகளுக்கு இடையே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். யு.பி.வி.சி. ஜன்னல்களில் கிரில்லை பிளாஸ்டிக் பிளக்கில் நான்கு ஸ்குரூ போட்டு நிறுத்தியிருப்பார்கள். அது கைப்பிடிச் சுவரில் சாத்திவைத்த ஏணி மாதிரிதான். ஆங்கர் போல்ட்டாக மாற்றி, அதன் தலையை வெல்டிங் செய்துவிடுங்கள். ஆனால் எல்லா ஜன்னலையும் இப்படி அடைத்துவிடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேற, படுக்கையறை ஜன்னல் ஒன்றிலாவது உள்ளிருந்து திறக்கும் கிரில் இருக்க வேண்டும். அதன் சாவி வெளியிலிருந்து கை எட்டாத, உள்ளே இருப்பவர் அனைவருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். கதவுத் தாழ்ப்பாளுக்குக் கை எட்டும் தூரத்தில் ஜன்னல் இருந்தால் அந்தத் தாழ்ப்பாளை இடம் மாற்றுவது கட்டாயம். சாவியை மீட்டர் பெட்டியிலும் செருப்பு அலமாரியிலும் பூந்தொட்டிக்கு அடியிலும் வைக்கும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முதலில் தேடப்படுவது அங்கேதான்.

இதெல்லாம் அவரவர் செலவு. சங்கம் செய்யக்கூடியது, ஒரு ஆசாரியையும் ஒரு வெல்டரையும் மொத்தமாகப் பேசி, வரிசையாக வீடு வீடாக அனுப்புவது. தனித்தனியாகக் கூப்பிட்டால் "நாளைக்கு வர்றேன்" என்பவர்கள் 60 வீட்டு வேலை என்றால் மறுநாளே வந்து நிற்பார்கள்.

அடுத்தது, ஆள் இல்லாத வீடு ஆள் இல்லாதது போல் தெரியக் கூடாது. வாசலில் கோலம் இல்லை, பால் பாக்கெட்டும் செய்தித்தாளும் கிடக்கிறது, கேட்டில் செருகிய நோட்டீஸ் மூன்று நாளாக அப்படியே இருக்கிறது, பகல் 11 மணிக்கும் வாசல் விளக்கு எரிகிறது. இவற்றைப் பார்க்கத் தெருவில் ஒருமுறை நடந்தால் போதும். ஆறேழு வீடுகளை ஒரு வரிசையாகப் பிரித்து, ஊருக்குப் போகிறவர் தன் வரிசையில் ஒரு வீட்டில் நேரில் சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த வீட்டுக்காரர் காலையில் தண்ணீர் தெளித்து ஒரு சின்னக் கோலம் போட்டு, நோட்டீஸை எடுத்துவிட்டு, ராத்திரி ஒருமுறை கேட்டைப் பார்த்தால் போதும். "10 நாள் ஊரில் இல்லை" என்று 200 பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். வாசலுக்கு வெளிச்சத்தை உணரும் பல்பு போடுங்கள். இருட்டினால் எரிந்து விடிந்தால் அணையும், விலை சில நூறு ரூபாய். ஆனால் அதன் வெளிச்சம் பக்கத்துச் சுவரில் பட்டு அதன் மீதே திரும்பினால் ராத்திரி முழுக்க எரிந்து அணைந்து கொண்டிருக்கும். சுவரிலிருந்து தள்ளி மாட்டுங்கள்.

காவல் நிலையத்தில் பூட்டிய வீடு என்று தகவல் கொடுக்கும் வழக்கம் தமிழகத்தில் இருக்கிறது. பொங்கல், தீபாவளி விடுமுறைகளில் போலீஸே அதைக் கேட்டுக்கொள்கிறது. முகவரி, போகும் தேதி, திரும்பும் தேதி, பக்கத்து வீட்டுத் தொலைபேசி எண், எரியவிட்டுப் போகும் விளக்கு, வீட்டில் நிறுத்திய வண்டியின் எண் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். ரோந்து வருகிறவருக்குக் கடைசி இரண்டும்தான் பயன்படும். எரிய வேண்டிய விளக்கு அணைந்திருந்தால் நின்று பார்ப்பார். அவசரத்துக்கு 100 அல்லது 112. 2022-இல் வந்த காவல் உதவி செயலியை வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களின் போனில் போட்டு, ஒருமுறை திறந்து காட்டுங்கள். தெருவிளக்கு எரியாததற்குச் சங்கப் பணத்தைத் தொடாதீர்கள். மாநகராட்சி எல்லைக்குள் என்றால் 1913-இல் கம்பத்தின் எண்ணைச் சொல்லிப் புகார் கொடுங்கள். வெளியே என்றால் உங்கள் உள்ளாட்சி அலுவலகம். விளக்கை மறைக்கும் மரக்கிளையைக் கழிக்கவும் அதே மனுவில் கேளுங்கள்.

இனி கேமரா. 16 வேண்டாம் என்பதற்குக் காரணம் கணக்குதான். முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தைப் படத்திலிருந்து அடையாளம் காண, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்ஸலாவது வேண்டும் என்பது கேமராத் துறையில் சர்வதேச அளவு. 2 மெகாபிக்ஸல் கேமராவின் அகலம் 1920 பிக்ஸல். அதாவது படத்தில் தெரியும் அகலம் ஏழரை மீட்டரைத் தாண்டினால் முகம் தேறாது. வழக்கமாக மாட்டிவிட்டுப் போகும் 2.8 மி.மீ. லென்ஸ் 100 டிகிரிக்கு மேல் விரிந்து பார்க்கும். அதில் முகம் தெரிவது சுமார் 3 மீட்டர் வரைதான். 6 மி.மீ. லென்ஸில் அதே தெளிவு சுமார் 7 மீட்டர் வரை கிடைக்கும். தெரு முழுக்கப் பரவலாகத் தெரியும் 16 படங்களைவிட, நுழையும் இரண்டு வழிகளில் இரண்டு இரண்டாக நான்கு கேமரா அதிகம் சொல்லும். ஒன்று முகத்துக்கு, எட்டடி உயரத்தில், 6 மி.மீ. லென்ஸோடு. மற்றது வண்டி எண்ணுக்கு. ஒரே கேமராவில் இரண்டும் கிடைக்காது: ராத்திரியில் நம்பர் பிளேட்டில் கேமராவின் ஐ.ஆர். (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு) வெளிச்சமும் ஹெட்லைட்டும் பட்டு வெறும் வெள்ளையாகிவிடும். அதற்கு ஷட்டரை 1/500 நொடி அல்லது அதைவிட வேகமாக வைத்தால் எண் தெரியும், முகம் இருட்டாகும்.

கம்பி இழுக்கும்போது நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல் வேலை செய்யாது. வீட்டுக்கு வீடு தலைக்கு மேல் செல்லும் செம்புக் கம்பி இடி மின்னலில் முதலில் போகும். நீளமான பகுதிக்கு ஃபைபர் போடச் சொல்லுங்கள். மின்கம்பத்தில் அனுமதியின்றி எதையும் கட்டாதீர்கள். யார் வீட்டு மாடியில் மாட்டுகிறீர்கள், கரண்ட் யார் கணக்கில் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

சேமிப்பு: கேமரா ஒன்றுக்கு நொடிக்கு 2 மெகாபிட் (Mbps) என்றால் நாளைக்கு 21.6 ஜி.பி. நான்குக்கு 86 ஜி.பி. 2 டி.பி. டிஸ்கில் சுமார் 23 நாள் நிற்கும். ஊருக்குப் போனவர் 15 நாள் கழித்து வந்து பார்ப்பார் என்பதால் இதற்குக் குறைய வேண்டாம். வீடுகளில் நுழைந்தவர்கள் கேமராப் படம் பதிவாகும் ரெக்கார்டரையே கழற்றிக்கொண்டு போவது வாடிக்கையாகிவிட்டது. டிவிக்குக் கீழே வைக்காமல் பரணில், பூட்டிய இரும்புப் பெட்டியில், காற்றோட்டத்துக்குத் துளை போட்டு வையுங்கள். மின்வெட்டுக்கு யு.பி.எஸ். கண்டிப்பாக வேண்டும். ஏஜென்சி வைத்துப்போன பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள்.

மாதம் ஒருமுறை சங்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டியது நேரலை அல்ல, முந்தைய நாள் ராத்திரி 2 மணிப் பதிவு. டிஸ்க் செத்துப்போய் நேரலை மட்டும் ஜோராக ஓடும் ரெக்கார்டர்கள் ஏராளம். கடிகாரம் சரியா, லென்ஸில் சிலந்தி வலை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐ.ஆர். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வலையில் வெளிச்சம் பட்டு படம் முழுக்கப் பனிமூட்டமாகும்.

ஆள் நடமாட்டத்துக்கு எரியும் சென்சார் விளக்கும் அலாரமும் நல்லவைதான், ஆனால் நம் ஊர் வெயிலில் ஒரு சிக்கல். உடம்புச் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்த சென்சார் பார்க்கிறது. மே மாதத்தில் சுவரே உடம்பு அளவுக்குச் சுடும்போது அது மந்தமாகும். பல்லி சென்சார் மேலேயே ஓடினால் ஆள் இல்லாமலே அலறும். கதவுக்குக் காந்த சென்சாரே நம்பகமானது.

வாட்ச்மேன் வைப்பதானால், 2005-ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டப்படி உரிமம் உள்ள நிறுவனமா என்று நகல் கேளுங்கள். பகல் 12 மணி நேரம் வேறிடத்தில் நின்றுவிட்டு வருகிறவர் அதிகாலையில் தூங்கத்தான் செய்வார். அவரைத் திட்டிப் பயனில்லை, எட்டு மணி நேர வேலைக்குப் பேசுங்கள்.

வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரே கட்டுப்பாடு: முன்பின் தெரியாதவரின் படம் போடக் கூடாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தை கடத்த வந்தவர் என்ற வதந்தியை நம்பி ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். கோயிலுக்குப் போகிற வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர் செய்தது. எந்த ஆள் என்பதை விட்டு, என்ன செய்தார், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் போனார், வண்டி எண் என்ன என்று எழுதுங்கள். அதையும் 100-க்குச் சொன்ன பிறகு.

நகை வீட்டில் இருந்தால் ஒவ்வொன்றையும் எடையோடு படமெடுத்து, 2023 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்குக் கட்டாயமான ஆறு இலக்க ஹால்மார்க் எண்ணையும் குறித்து வையுங்கள். மீட்கப்பட்ட நகை உங்களுடையது என்று நிரூபிக்க அது உதவும். வங்கி லாக்கரில் திருட்டு நடந்தால் 2022 முதல் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை மட்டுமே என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பவுன் கணக்கில் பார்த்தால் அது சொற்பம்.

திருட்டு நடந்துவிட்டால் உள்ளே போய் பீரோவைத் தொடாதீர்கள், விரல் ரேகை அழியும். கதவு திறந்து கிடந்தால் உள்ளே ஆள் இருக்கலாம், வெளியிலிருந்தே 100-க்கு அழையுங்கள். புகார் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நிற்காமல் எப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள், புகார் கொடுத்தவருக்கு அது இலவசம். அதில் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின், வீட்டுத் திருட்டுக்கான 305-ஆம் பிரிவோடு, உடைத்து நுழைந்ததற்கான 331-ஆம் பிரிவும் இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் திருட்டுக் காப்பீடு பொதுவாகப் பலவந்தமாக நுழைந்த தடயத்தைக் கேட்கும். கேமராப் பதிவைப் போனில் திரையைப் படமெடுத்துக் கொடுத்தால் நீதிமன்றத்தில் நிற்காது. ரெக்கார்டரிலிருந்து நேராகப் பென்டிரைவில் எடுத்து, பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் உள்ள மின்னணுப் பதிவுச் சான்றிதழோடு கொடுக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த இருவரைச் சங்கம் இப்போதே நியமித்துவிடட்டும்.