துருவக் கடல் பாலிகீட்டா: புது இனம் விவரிப்பது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அண்டார்டிக் மாதிரிகளில் கிடைத்த ஒரு செதில் புழு எந்த அடையாளக் கையேட்டிலும் பொருந்தவில்லை. புது இனம் என்று எழுத ஆரம்பிக்கலாமா மேடம்?

பதில்: இன்னும் வேண்டாம். கையேட்டில் இல்லை என்றால் கையேடு எழுதியவர் அதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். செதில் புழுவும் அடங்கிய பாலிகீட்டா என்ற முள்மயிர்ப் புழுக்களில் ஏற்கெனவே 11,000-க்கு மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் இருக்கிறது, ஒரே புழுவுக்கு மூன்று பேர் மூன்று பெயர் வைத்த கதையும் நிறைய. முதலில் பேரினத்தை உறுதி செய்யுங்கள். பிறகு அந்தப் பேரினத்தில் தென் கடலில் இருந்து சொல்லப்பட்ட எல்லாப் பெயர்களையும் எடுத்து, அவற்றின் மூல விவரிப்பைத் தேடிப் படியுங்கள். சேலஞ்சர் ஆய்வுக் கப்பல் சேகரித்த புழுக்களைப் பற்றி மெக்கின்டோஷ் 1885-இல் எழுதியது, ஹார்ட்மன் 1960-களில் அண்டார்டிக் புழுக்களைத் தொகுத்தது, இவற்றை விட்டுவிட்டு யாரும் எழுத முடியாது. அதன் பின் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஹோலோடைப்பை, அதாவது பெயருக்கு ஆதாரமாக வைத்த மூல மாதிரியை, நேரில் பாருங்கள், முடியாவிட்டால் நல்ல படங்களாவது கேட்டு வாங்குங்கள்.

எதைப் பார்ப்பது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். ஹார்மோதோ பேரினத்தில் 15 ஜோடி செதில்கள் முதுகை மூடியிருக்கும். வடக்குக் கடல்களில் பரவலாக உள்ள ஹார்மோதோ இம்ப்ரிகேட்டாவில் முன் ஜோடிக் கண்கள் தலையின் முன்முனைக் கூம்புகளுக்குக் கீழே ஒளிந்திருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்க்காதவர் கண்கள் இரண்டுதான் என்று எழுதிவிடுவார். செதிலின் ஓரத்தில் உள்ள சிறு முளைகள், பாரபோடியா எனும் பக்கவாட்டுக் கால்களின் கீழ்க்கிளையில் உள்ள முள்மயிரின் நுனி ஒற்றையா இரட்டையா, இதெல்லாம்தான் இனத்தைப் பிரிக்கும். செதில்கள் சுலபமாக உதிரும். உதிர்ந்தவை எந்தப் புழுவுடையவை என்று தெரிய, அவற்றையும் அதே குப்பியில் வையுங்கள்.

கேள்வி: கப்பலில் மாதிரியை எப்படிப் பாதுகாப்பது? எங்களுக்குக் கொடுத்த குறிப்பில் ஃபார்மலின் மட்டும்தான் இருக்கிறது.

பதில்: எல்லாவற்றையும் ஃபார்மலினில் போடாதீர்கள். இந்தக் கேள்விக்குத்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது. மாதிரி மேலே வந்ததும் குளிர்ந்த கடல்நீரில் சலியுங்கள். அந்தக் கடலின் நீர் மைனஸ் 1.8 டிகிரி வரை போகும், புழுவும் அதற்கே பழகியது. அறை வெப்பத்தில் விட்டால் அது சீக்கிரம் கெடும், டி.என்.ஏ.வும் சிதையும். நன்னீரில் அலசவே கூடாது, உள்ளே நீர் ஏறி உடல் வெடித்து உடையும். உயிரோடு இருக்கும்போதே படம் எடுங்கள், ஆல்கஹாலில் போட்டால் நிறம் போய்விடும், பிறகு எந்த ஆராய்ச்சியாலும் அதைத் திரும்பப் பெற முடியாது. படம் எடுத்த பின் மெக்னீசியம் குளோரைடு கரைசலில் வைத்துத் தளரச் செய்யுங்கள், இல்லாவிட்டால் சுருண்டு கொள்ளும். உடலின் பின்பகுதியில் ஒன்றிரண்டு பாரபோடியாவை வெட்டி 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனாலில் போட்டுக் குளிரில் வையுங்கள். முன்பகுதியைத் தொடாதீர்கள், அடையாளம் முழுக்க அங்கேதான். மீதி உடலை ஃபார்மலினில் போடலாம், உருவ அமைப்புக்கு அது நல்லது.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் 20 வருடப் பழைய ஃபார்மலின் மாதிரி இருக்கிறது. டி.என்.ஏ. எடுக்கலாமா?

பதில்: முயலலாம், நம்பி இருக்காதீர்கள். உருவத்தை வைத்து எழுதுங்கள்.

கேள்வி: பெயருக்கு யார் அனுமதி கொடுப்பார்கள்? எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?

பதில்: யாரும் அனுமதி தருவதில்லை. விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின் நிபந்தனைகளை நிறைவேற்றி வெளியிட்டால் பெயர் செல்லுபடியாகும். மற்ற இனங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று எழுதியிருக்க வேண்டும். 1999-க்குப் பிறகு ஹோலோடைப் அல்லது சின்டைப்புகள் (ஒன்றுக்குப் பதில் பல மூல மாதிரிகள்) எவை, எங்கே வைக்கப்படும் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். 2011-க்குப் பின் மின்பதிப்பில் மட்டும் வந்தால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவும் தேவை. ஆய்வேட்டிலோ சுவரொட்டியிலோ பெயரை முன்கூட்டியே போடாதீர்கள். விவரிப்பு இல்லாத வெறும் பெயருக்கு மதிப்பில்லை, குழப்பம் மட்டும் மிஞ்சும்.

கேள்வி: அம்மா பெயரை வைக்கலாமா?

பதில்: தாராளமாக. பெண் பெயருக்கு லத்தீன் முடிவு ‘ஏ’ ஒலியில் வரும், அதை மட்டும் சரிபாருங்கள்.

கேள்வி: டி.என்.ஏ. வேறாக இருந்தால் போதாதா? முள்மயிரை எண்ணிக்கொண்டிருப்பது பழைய காலம்.

பதில்: போதாது. 2021-இல் கோஸ்டா ரிக்காவின் 403 குளவி இனங்களைப் பெரும்பாலும் மரபணு வரிசையையே நம்பி விவரித்தபோது பெரிய சர்ச்சை எழுந்தது. என் கவலை வேறு. பழைய பெயர்களில் பலவற்றுக்கு மரபணு வரிசை கிடையாது. உங்கள் வரிசை வேறு என்றால், வேறு எதிலிருந்து? மெக்கின்டோஷ் சொன்ன பெயரா, ஹார்ட்மன் சொன்ன பெயரா என்று தெரியாமல் புதுப் பெயர் வைத்தால், பழையதற்கே மறுபெயர் ஆகிவிடும். முதலில் வந்த பெயருக்கே முன்னுரிமை.

கேள்வி (அதே நபர்): பழைய பெயருக்கு வரிசை இல்லை என்றால், அதைச் சரிபார்க்க அது முதலில் கிடைத்த இடத்திலிருந்தே புது மாதிரி வேண்டும். துருவத்துக்கு யார் கப்பல் அனுப்புவது? அதுவரை இனங்கள் பெயரில்லாமல் கிடக்கட்டுமா?

பதில்: கஷ்டம் உண்மைதான். ஆனால் அவசரமாக வைத்த பெயர் உயிரினப் பட்டியலில் ஒட்டிக்கொள்ளும், பாதுகாப்புத் திட்டம் வகுப்பவர்கள் அந்தப் பட்டியலைத்தான் எண்ணுவார்கள். பழைய பெயரை உறுதிப்படுத்த முடியவில்லை என்றால் பேரினத்தோடு எண் போட்டு, வரிசையையும் படங்களையும் வெளியிடுங்கள். அதுவும் முழு மதிப்புள்ள ஆராய்ச்சிதான். இன்னொரு விஷயம், இரு துருவத்திலும் ஒரே இனம் என்று முன்பு எழுதியவற்றில் பலவற்றை மரபணு பிரித்துக் காட்டியிருக்கிறது. அந்த அளவில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, நானும் மரபணு இல்லாமல் இப்போது எழுதமாட்டேன். வரிசை வேறு என்று காட்டிய பின் திரும்ப நுண்ணோக்கியில் உட்காருங்கள், பல நேரம் வேறுபாடு அங்கேயே இருந்திருக்கும். அது கண்ணில் படாமல் இருந்தால், மறைந்த இனம், அதாவது உருவத்தில் பிரித்தறிய முடியாத இனம், என்று அதற்கான காரணத்தோடு எழுதுங்கள்.

கேள்வி: இணையத்தில் சுற்றும் பயங்கரப் பல் முகப் புழு, தங்க நிற முட்களோடு, அது புது இனமா?

பதில்: யூலாகிஸ்கா ஜைஜான்டியா. மன்றோ 1939-இல் விவரித்தது. நீங்கள் முகம் என்று பார்ப்பது வெளியே தள்ளிய தொண்டை.

கேள்வி: எனக்குப் பாதி உடல்தான் கிடைத்தது, ஹோலோடைப் ஆக்கலாமா?

பதில்: விதியில் தடையில்லை. பாலிகீட்டாவில் பல ஹோலோடைப்புகள் முன்பாதித் துண்டுகளே. முன்பகுதி முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இன்னொரு மாதிரிக்காகக் காத்திருங்கள்.

கேள்வி: பெயரை யார் அங்கீகரிப்பார்கள்?

பதில்: மேலே நான்காவது பதில்.

கேள்வி: எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் வேலை சுலபம்தானே?

பதில்: இல்லை. டி.என்.ஏ.வுக்கான துண்டு முதலில், ஃபார்மலின் அதன் பின். இனி இதைக் கேட்டால் இரண்டாவது பதிலைப் படிக்கச் சொல்வேன்.

கேள்வி: ஹோலோடைப்பை எங்கள் ஆய்வகக் குளிர்பெட்டியிலேயே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். பொது அருங்காட்சியகத்தில் எண்ணோடு ஒப்படையுங்கள், அடுத்து ஒப்பிட வருபவர் அங்கேதான் தேடுவார். குப்பிக்குள்ளே போடும் சீட்டில் அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், தேதி, எடுத்த கருவி எல்லாம் பென்சிலால் எழுதுங்கள், பால்பாயின்ட் மை ஆல்கஹாலில் கரைந்து போகும்.